பழைய ஸ்போர்ட்ஸ் பைக் எஞ்சின்: திறக்கும் முன்னும் மூடும் முன்னும்

வாசகர் கேள்வி-பதில்

1980-களிலும் 1990-களிலும் வந்த ஸ்போர்ட்ஸ் பைக்குகளின் எஞ்சின் வேலை பற்றிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில்களில் வரும் அளவுகள் இந்த வகை எஞ்சின்களுக்குப் பொதுவாகப் பொருந்துபவை. உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் வேறு எண் சொன்னால், மேனுவல் சொல்வதே சரி.

கேள்வி: நாலு சிலிண்டர் வண்டி ஒன்று கைக்கு வந்திருக்கிறது. பல வருடம் ஓடாமல் நின்றது. செல்ஃப் அழுத்தினால் 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், கிராங்க் அசையவில்லை. மூன்றாவது கியரில் போட்டுத் தள்ளிப் பார்க்கலாமா?

வேண்டவே வேண்டாம். தள்ளும்போது வண்டியின் எடை முழுவதும் செயின், கியர் வழியாகப் போய் ஒட்டிக்கிடக்கும் பிஸ்டன் மேல் விழும். ரிங் உடையும்; இல்லாவிட்டால் கனெக்டிங் ராடு வளையும். இரண்டில் எது நடந்தாலும், டாப் எண்டோடு (ஹெட், சிலிண்டர், பிஸ்டன்) முடிந்திருக்க வேண்டிய வேலை கிராங்க் கேஸ் வரை போய்விடும்.

பெரும்பாலும் ஒட்டியிருப்பது ரிங்தான். வண்டி நின்றபோது எந்த சிலிண்டரில் வால்வு திறந்திருந்ததோ, அதற்குள் சைலன்சர் வழியாக ஈரக்காற்று புகுந்து துரு பிடித்திருக்கும். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, துளை வழியே சிறு கேமராவை விட்டுப் பாருங்கள். பிறகு ஏ.டி.எஃப். என்று விற்கும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலையும் அசிட்டோனையும் சம அளவில் கலந்து, சிலிண்டருக்கு 15 முதல் 20 மி.லி. ஊற்றுங்கள். இரண்டும் தானாகக் கலந்து நிற்காது, ஊற்றும் முன் நன்றாகக் குலுக்க வேண்டும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்ட்டையும் உரித்துவிடும். தினமும் கொஞ்சம் சேர்த்து, நான்கைந்து நாள் ஊற விடுங்கள்.

கிராங்கைத் திருப்புவதற்கு முன் பலர் தவறவிடும் ஒரு வேலை இருக்கிறது. வால்வு கவரைத் திறந்து வால்வுகளைப் பாருங்கள். பிஸ்டனைப் போலவே வால்வும் கைடுக்குள் ஒட்டியிருக்கலாம். திறந்தபடி ஒட்டிய வால்வு மேல் பிஸ்டன் ஏறினால் வால்வு வளைந்துவிடும். வால்வு தண்டுகளுக்கும் எண்ணெய் விட்டு, ஸ்பிரிங் அதை இழுத்து மூடியிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன்பின் கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் முனை போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் ஓடும் திசையில் மெல்ல அழுத்துங்கள். எதிர்த்திசையில் பலம் கொடுத்தால் அந்த போல்ட்டே கழன்று வரும். டைமிங் செயினும் தளர்ந்து ஒரு பல் தாவக்கூடும். ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நீட்டாதீர்கள். ஒரு வாரத்திலும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்றிவிட்டு, சிலிண்டரைச் சுற்றிலும் ஹாட் ஏர் கன்னால் சீராகச் சூடேற்றி, போரைவிட (சிலிண்டரின் உள்துளை) சற்றே சிறிய கடின மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துத் தட்டுங்கள். இரும்புக் கம்பியால் பிஸ்டன் நடுவில் அடித்தால் ஓட்டைதான் விழும்.

கிராங்க் சுற்றத் தொடங்கியதும் உற்சாகத்தில் ஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். ஊற்றிய கலவை கீழே இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலந்திருக்கும். அதை முதலில் வடித்துவிட வேண்டும். ரிங் ஒட்டியிருந்த இடத்தில் போரில் குழிகள் இருந்தால், அந்த எஞ்சின் ஓடும், ஆனால் ஆயிலைக் குடிக்கும்.

கேள்வி: கம்ப்ரஷன் பார்த்தேன். நாலு சிலிண்டரில் 150, 145, 95, 148 பி.எஸ்.ஐ. வந்தது. மூன்றாவது சிலிண்டருக்கு ரிங் மாற்றினால் போதுமா?

இந்த எண்களை மட்டும் வைத்து ரிங் வாங்காதீர்கள். முதலில், எப்படி அளந்தீர்கள்? எஞ்சின் சூடாக இருக்க வேண்டும், நாலு பிளக்கும் கழன்றிருக்க வேண்டும், ஆக்ஸிலரேட்டர் முழுவதும் திறந்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். முள் மேலே ஏறாமல் நிற்கும் வரை செல்ஃப் அடிக்க வேண்டும். கழற்றிய பிளக்குகளைக் கேப்போடு எஞ்சின் உடம்பில் எர்த் ஆகும்படி வையுங்கள், இல்லையென்றால் சி.டி.ஐ. என்ற இக்னிஷன் பெட்டி அல்லது காயில் வீணாகலாம்.

எல்லாம் சரியாகச் செய்தும் 95 வந்தால், அந்த சிலிண்டரில் 5 மி.லி. எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது போர். அப்படியே நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்திருந்தால் நடுவில் கேஸ்கெட் போயிருக்கும். உங்களுக்கு ஒன்று மட்டும் குறைந்திருப்பதால் அது அவ்வளவாகப் பொருந்தவில்லை.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் லீக் டவுன் சோதனை. பிஸ்டனைக் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் நிறுத்தி, பிளக் துளை வழியே காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு ஒழுகுகிறது என்று பார்ப்பது. 10 சதவீதம் வரை ஆரோக்கியம். 20 தாண்டினால் வேலை இருக்கிறது. காற்று எங்கே போகிறது என்பதைக் காதால் கேட்கலாம். கார்புரேட்டர் பக்கம் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு, ஆயில் ஊற்றும் துளையில் கேட்டால் ரிங், ரேடியேட்டரில் குமிழி வந்தால் கேஸ்கெட். காற்று ஏறும்போது கிராங்க் திடீரென்று சுழலும். ஸ்பேனரை அதில் மாட்டிவிட்டுக் கையை அருகில் வைத்திருக்காதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால் மூன்றாவது சிலிண்டரின் டேப்பெட் இடைவெளியை (வால்வுக்கும் அதை அழுத்தும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி) அளந்துவிடுங்கள். எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி பூஜ்யமாகி வால்வு முழுதாக மூடாமல் இருப்பதே 95-க்குக் காரணமாக இருக்கலாம். வால்வின் முகம் இன்னும் கருகாமல் இருந்தால் ஒரு ஷிம் (இந்த இடைவெளியைத் தீர்மானிக்கும் சிறு வட்டத் தகடு) மாற்றத்தோடு வேலை முடிந்துவிடும்.

கேள்வி: என் எஞ்சினில் டேப்பெட் சத்தமே இல்லை. நல்ல அறிகுறிதானே?

இல்லை. கவலைப்பட வேண்டியது சத்தமில்லாத டேப்பெட்டைப் பார்த்துத்தான். ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் இறங்கும், தண்டு மேலே வரும், இடைவெளி குறையும். வால்வு தன் சூட்டை சீட்டோடு ஒட்டியிருக்கும் நேரத்தில்தான் ஹெட்டுக்குக் கடத்துகிறது. அந்த நேரம் குறைந்தால் ஓரம் கருகிப் போகும். சற்றே லூசான டேப்பெட் 'டிக் டிக்' என்று தொல்லை கொடுக்கும், எஞ்சினைக் கொல்லாது.

எஞ்சின் முழுவதும் ஆறிய பிறகே அளக்க வேண்டும். பக்கெட் (வால்வு மேல் கவிழ்ந்திருக்கும் கிண்ணம்) மேலோ கீழோ ஷிம் இருக்கும் வகை என்றால் கணக்கு எளிது: பழைய ஷிம் தடிமனோடு அளந்த இடைவெளியைக் கூட்டி, தேவையான இடைவெளியைக் கழிக்க வேண்டும். உதாரணமாக, பழைய ஷிம் 2.60, அளந்தது 0.06, வேண்டியது 0.15 என்றால் 2.51 வரும். ஷிம்கள் பெரும்பாலும் 0.05 மி.மீ. படியில் கிடைப்பதால் 2.50 போடுங்கள், இடைவெளி 0.16 ஆகும். ஷிம் மேல் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதுங்கள், தேய்ந்திருக்கக்கூடும். 1985-இல் வந்த யமஹா எஃப்.இசட்.750-இல் சிலிண்டருக்கு ஐந்து வால்வு, மொத்தம் இருபது. தாளில் கட்டம் போட்டு எழுதாமல் இந்த வேலையைத் தொடங்கக் கூடாது.

எல்லா வண்டியிலும் ஷிம் கிடையாது. 1984-இன் கவாசாகி ஜி.பி.இசட்.900ஆர், முதல் தலைமுறை சுஸூகி ஜி.எஸ்.எக்ஸ்-ஆர்750 ஆகியவற்றில் ஒரு ராக்கர் கவடு பிரிந்து இரண்டு வால்வை அழுத்தும். சரிசெய்ய ஸ்க்ரூ இருக்கும். அங்கே ஒரே தடிமனுள்ள இரண்டு ஃபீலர் கேஜை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் செருகி அளக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் செருகினால் ராக்கர் சாய்ந்து பொய்க் கணக்குக் காட்டும்.

கேள்வி: கேஸ் கவரில் உள்ள ஸ்டார் ஸ்க்ரூக்கள் எல்லாம் திருப்புளி வழுக்கி மழுங்கிவிட்டன. ஜப்பான் வண்டி. ஸ்க்ரூ மட்டமா, என் கை மட்டமா?

இரண்டும் இல்லை, திருப்புளி வேறு இனம். ஜப்பானிய வண்டிகளில் இருப்பது ஜே.ஐ.எஸ். (ஜப்பானியத் தொழில் தரம்) அளவு ஸ்க்ரூ. வழக்கமான பிலிப்ஸ் திருப்புளி அந்தப் பள்ளத்தில் அடி வரை உட்காராது. பலம் கொடுத்ததும் மேலே ஏறி வழுக்கும். பல ஜே.ஐ.எஸ். ஸ்க்ரூக்களின் தலையில் சின்னப் புள்ளிக் குழி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். ஜே.ஐ.எஸ். முனை வாங்கி, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் மாட்டுங்கள். அடியின் அதிர்ச்சியே பாதி வேலையைச் செய்துவிடும். திரும்ப மாட்டும்போது ஆலன் போல்ட் போடுவதில் தவறில்லை. ஆனால் ஆலன் சாவி கொடுக்கும் அதிகப் பலத்தில் அலுமினியத்தின் மரை பெயர்ந்து வரும். எம்6 போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். பெயர்ந்த மரைக்கு ஹெலிகாயில் (புது மரையாக அமையும் கம்பிச் சுருள்) போடுங்கள். எபாக்ஸி பசையால் ஒட்டுவது தீர்வே அல்ல.

கேள்வி: கிராங்க் கேஸையும் ஹெட்டையும் பளிச்சென்று ஆக்க கிளாஸ் பீட் பிளாஸ்டிங் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா?

உள்பாகம் இருக்கும் எந்த உருப்படிக்கும் வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வெளியே அழகாக வரும், சந்தேகமில்லை. ஆனால் கண்ணாடி மணிகள் ஆயில் போகும் துளைகளின் வளைவுகளில், குருட்டு மரைகளின் அடியில், வார்ப்பின் சொரசொரப்பில் தங்கிவிடும். கழுவும்போது வராத மணி, எஞ்சின் சூடாகி ஆயில் ஓடும்போது வரும். நேரே பேரிங்குக்குப் போகும். ஜி.எஸ்.எக்ஸ்-ஆர்750 போன்ற ஆயிலால் குளிரும் எஞ்சின்களில் ஆபத்து இரட்டிப்பு. பிஸ்டனின் அடிப்பக்கத்தில் ஆயில் பீச்சும் சின்ன ஜெட்டுகள் அதில் உண்டு. ஒரு மணி போதும் அடைக்க.

செய்தே ஆக வேண்டுமானால் தண்ணீரில் கரையும் சோடா பிளாஸ்டிங் செய்யுங்கள். அதற்கும் முன் ஆயில் வழிகளை அடைத்திருக்கும் எல்லா கேலரி பிளக்குகளையும் கழற்றிவிட்டு, முடிந்ததும் வெந்நீர், துளைக்குத் தக்க பிரஷ், காற்று என்று மூன்று சுற்றுக் கழுவ வேண்டும்.

கேள்வி: போர் தேய்ந்துவிட்டது. முதலில் போர் அடித்துவிட்டு (துளையைக் கடைந்து பெரிதாக்கி) பிஸ்டன் வாங்குவதா, பிஸ்டனை வாங்கிவிட்டுப் போர் அடிப்பதா? ரிங் இடைவெளி எவ்வளவு வைக்க வேண்டும்?

பிஸ்டன் முதலில், எப்போதும். 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று ஓவர்சைஸ் பெயரளவில்தான் ஒரே மாதிரி. கையில் உள்ள பிஸ்டன் ஒவ்வொன்றையும் அளந்து, அதனதன் சிலிண்டருக்கு எண் போட்டுக் கொடுங்கள். லேத்காரர் அந்தப் பிஸ்டனுக்கு ஏற்ப அந்தப் போரை முடிப்பார். முதலில் எந்த ஓவர்சைஸ் உண்மையில் கிடைக்கிறது என்று பாருங்கள். 0.50 கிடைக்காமல் 1.00 மட்டும் கிடைக்கும் மாடல்கள் உண்டு.

பிஸ்டனை அளக்கும் இடம் தலைப்பகுதி அல்ல. பின்னுக்குச் செங்குத்தான திசையில், கீழ் விளிம்பிலிருந்து மேனுவல் சொல்லும் உயரத்தில் அளக்க வேண்டும். பிஸ்டன் முழு வட்டமாகவும் இருக்காது, நேர் உருளையாகவும் இருக்காது, அப்படித்தான் செய்கிறார்கள். போரை மேல், நடு, கீழ் என்று மூன்று ஆழத்தில், ஒவ்வொன்றிலும் இரண்டு திசையில், மொத்தம் ஆறு முறை அளக்க வேண்டும். இந்த ஆறுக்குள் வித்தியாசம் 0.05 மி.மீ. தொட்டால் பல எஞ்சின்களில் அதுவே எல்லை. தண்ணீரால் குளிரும் நாலு ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் போருக்கும் இடையே 0.03 முதல் 0.06 வரை வழக்கம். பிஸ்டனும் சிலிண்டரும் ஒரே அறையில் ஒரு இரவு இருந்த பிறகு அளங்கள். 70 மி.மீ. அலுமினியப் பிஸ்டன் 10 டிகிரி சூடேறினால் சுமார் 0.015 மி.மீ. விரியும். 0.04 கணக்கில் அது மூன்றில் ஒரு பங்குக்கு மேல்.

இதெல்லாம் இரும்பு ஸ்லீவ் உள்ள சிலிண்டருக்கு. 1990-களின் பல ஸ்போர்ட்ஸ் பைக்குகளில் அலுமினியத்தின் மேல் நேராக நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு இருக்கும். நிகாசில் என்ற பெயர் கேள்விப்பட்டிருப்பீர்கள். காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்பு ஸ்லீவ் என்றால் இறுகப் பிடிக்கும். பூச்சு போரை ஓவர்சைஸாக்க முடியாது. பூச்சு பெயர்ந்திருந்தால் மறுபூச்சுதான் வழி. சீஸ் ஆகி (பிஸ்டன் போரில் இறுகிப் பிடித்து) மேலே அலுமினியம் மட்டும் அப்பியிருந்தால் அதை ஹைட்ரோகுளோரிக் அமிலம் தொட்ட பஞ்சால் கரைத்து எடுக்கலாம். பூச்சில் விரிசலோ பெயர்ந்த இடமோ இருந்தால் அமிலத்தைக் கிட்டே கொண்டுபோகாதீர்கள். அடியில் உள்ள அலுமினியத்தைத் தின்றுவிடும். கையுறை, கண்ணாடி, திறந்த வெளி மூன்றும் கட்டாயம்.

ரிங் இடைவெளிக்குப் பொதுக்கணக்கு: போரின் ஒவ்வொரு மி.மீ.க்கும் 0.004. அதாவது 70 மி.மீ. போருக்கு 0.28. ரிங்கைப் போருக்குள் விட்டு, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து 20 மி.மீ. அளவு தள்ளினால் சாயாமல் நேராக உட்காரும். அங்கே ஃபீலர் கேஜால் அளங்கள். குறைவாக இருந்தால் ஒரு முனையை மட்டும் அரத்தால் தேய்க்க வேண்டும், வெளி விளிம்பிலிருந்து உள்நோக்கி மட்டும். மாற்றித் தேய்த்தால் ரிங்கின் குரோம் முகம் பெயரும். இடைவெளி சற்று அதிகமானால் கொஞ்சம் அழுத்தம் போகும், அவ்வளவே. குறைவானால் சூட்டில் இரு முனையும் முட்டி, ரிங் போரைக் கீறிவிடும். எழுத்து பொறித்த பக்கம் மேலே வரட்டும்.

ஹோனிங் (கல்லால் தேய்த்துக் குறுக்குக் கோடுகள் போடுவது) முடிந்த போரைப் பெட்ரோலால் துடைத்துவிட்டுப் பூட்டுவது பரவலான தவறு. பெட்ரோல் எண்ணெயைத்தான் கரைக்கும். கல்தூள் கோடுகளுக்குள்ளேயே கிடக்கும். வெந்நீர், சோப்பு, விறைப்பான பிரஷ் கொண்டு தேயுங்கள். பிறகு எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் சாம்பல் நிறம் வந்துகொண்டே இருந்தால் கழுவல் இன்னும் முடியவில்லை. காய்ந்ததும் உடனே எண்ணெய் பூசாவிட்டால் சில நிமிடத்தில் துருப் படலம் வந்துவிடும்.

கேள்வி: எஞ்சின் அடியில் 'டொக் டொக்' என்று கனமான சத்தம். பேரிங் ஷெல் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்டாண்டர்ட் சைஸ் ஒரு செட் வாங்கிப் போட்டால் சரியா?

ஷெல்லில் ஒரே சைஸ் என்று ஒன்று கிடையாது. கிராங்க் ஓரத்தில் பொறித்த எண்ணையும், கனெக்டிங் ராடு அல்லது கேஸில் உள்ள எண்ணையும் மேனுவல் அட்டவணையில் பொருத்தினால் ஒரு நிறம் வரும். பச்சை, பழுப்பு, கறுப்பு என்று ஷெல் ஓரத்தில் புள்ளி இருக்கும். ஒவ்வொரு ஜர்னலுக்கும் (கிராங்கில் பேரிங் உட்காரும் உருளைப் பகுதி) வேறு நிறம் வரலாம். ஜர்னல் தேய்ந்திருந்தால் பொறித்த எண் செல்லாது. மைக்ரோமீட்டரால் அளந்த எண்தான் கணக்கு.

பூட்டும் முன் பிளாஸ்டிகேஜ் வைத்துச் சரிபாருங்கள். எண்ணெய் இல்லாமல் துடைத்த ஜர்னல் மேல் அந்த மெழுகு நூலை நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, கிராங்கை ஒரு டிகிரிகூடத் திருப்பாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையில் உள்ள அளவோடு ஒப்பிட வேண்டும். 0.02 முதல் 0.05 வரை வழக்கம், 0.08 தாண்டினால் பல எஞ்சின்களில் எல்லை தாண்டியது. ஜர்னலே கீறியிருந்தால் வேறு கிராங்க் தேடுவது நல்லது. தேய்த்துச் சிறிதாக்கிய ஜர்னலுக்கு ஏற்ற ஷெல்லை ஜப்பானிய நிறுவனங்கள் பெரும்பாலும் தருவதில்லை.

கழற்றிய ஷெல்லைத் தூக்கி எறியாதீர்கள், அதுதான் சாட்சி. தனித்தனி ஆழக் கோடுகள் இருந்தால் ஆயிலில் தூள். எல்லா ஷெல்லிலும் மேல்பூச்சு வழித்துப் போய்ச் செம்பு தெரிந்தால் ஆயில் போதவில்லை. ஆயில் பம்ப், அடித்தட்டின் சல்லடை, பிரஷர் ரிலீஃப் வால்வு மூன்றையும் பார்க்காமல் புது ஷெல் போட்டால் அதே சத்தம் சீக்கிரமே திரும்ப வரும். கனெக்டிங் ராடு போல்ட்டுகள் இறுக்கும்போது நீளும் வகை; புதிது போடுங்கள். மரையில் எண்ணெய் பூசி இறுக்குவதா, உலர்வாகவா என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள். உலர்வுக்குச் சொன்ன டார்க்கை எண்ணெய் பூசி இறுக்கினால் போல்ட் அளவுக்கு மேல் இழுபடும்.

கேள்வி: இரண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக். யமஹா ஆர்.டி.350. இடது சிலிண்டர் மட்டும் சீஸ் ஆகிறது. புதுப் பிஸ்டன் போட்டும் மறுபடி அதே சிலிண்டர். போர் வேலை சரியில்லையா?

போரைக் குற்றம் சொல்வதற்கு முன் காற்றுக் கசிவைத் தேடுங்கள். டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே பம்ப். ஆல்டர்னேட்டர் பக்கத்து ஆயில் சீல் கெட்டால் அங்கே வெறும் காற்று உள்ளே போகும். பெட்ரோல் கலவை மெலியும். கலவையோடு வரும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடாகிப் பிடிக்கும். கிளட்ச் பக்கத்து சீல் கெட்டால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு வெள்ளைப் புகை வரும். ஆர்.டி.350-இல் ஆல்டர்னேட்டர் இருப்பது இடப்பக்கம் என்பதைக் கவனியுங்கள். ஓடாமல் நின்ற வண்டியில் இந்த ரப்பர் சீல்கள் விறைத்துப் போயிருக்கும். டாப் எண்ட் மட்டும் செய்து சீலை விட்டுவிடுவதே திரும்பத் திரும்ப சீஸ் ஆவதற்கு முதல் காரணம்.

சோதனை இப்படி: எக்ஸாஸ்ட் போர்ட்டையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் கட்டையால் அடைத்து, 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றி, 6 நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நிமிடத்துக்கு 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கக் கூடாது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தெளியுங்கள்; கசியும் இடத்தில் குமிழி வரும். அதிக அழுத்தம் ஏற்றினால் நல்ல சீலே வெளியே வந்துவிடும், மிதிவண்டிக் கைப்பம்பே தாராளம். இரண்டு சிலிண்டரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். கிராங்க் நடுவில் உள்ள லேபிரிந்த் சீல் வழியாக ஒன்றிலிருந்து மற்றதற்குக் கொஞ்சம் போவது இயல்பு.

காற்று கசியவில்லை என்றால் பிஸ்டனைப் படியுங்கள். நாலு மூலையிலும் கீறல் என்றால் இடைவெளி குறைவு, அல்லது ஆறிய எஞ்சினை உடனே முறுக்கியது. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கீறல் என்றால் கலவை மெலிவு அல்லது ஆயில் போதாமை: அந்தப் பக்கத்து மெயின் ஜெட், ஆயில் பம்ப்பிலிருந்து வரும் மெல்லிய குழாயில் காற்றுக் குமிழி, இரண்டையும் பாருங்கள். பிஸ்டன் தலை உருகிக் குழியாகியிருந்தால் இக்னிஷன் டைமிங் முந்தியிருக்கிறது. இரண்டு பிளாட்டினம் பாயின்ட் இருப்பதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் டைமிங் தனி. ஒன்றைச் சரிசெய்துவிட்டு மற்றதை மறப்பது சகஜம்.

போர் அடித்த பின் போர்ட்டுகளின் கூரிய விளிம்பைச் சிறு கல்லால் லேசாகச் சாய்த்து மழுக்கச் சொன்னீர்களா? இல்லாவிட்டால் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங் வாய் பிஸ்டனில் உள்ள குட்டிப் பின்னில் பொருந்த வேண்டும், பிஸ்டன் அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும், பின் லாக் புதியதாக இருக்க வேண்டும். முதல் டேங்க் பெட்ரோலில், பம்ப் வேலை செய்தாலும், கொஞ்சம் டூ-டி ஆயில் கலந்துவிடுங்கள்.

கேள்வி: முறுக்கினால் இரண்டாவது கியர் மட்டும் தெறித்து வெளியே வருகிறது.

முதலிலிருந்து இரண்டாவதுக்கு நியூட்ரலைத் தாண்டிப் போக வேண்டும் என்பதால் அந்தக் கியரின் டாக் பற்கள்தான் (பக்கத்துக் கியரோடு கோக்கும் பக்கவாட்டுப் பற்கள்) முதலில் முனை மழுங்கும். பிறகு பற்கள் ஒன்றையொன்று தள்ள, அந்தத் தள்ளலை ஷிஃப்ட் ஃபோர்க் தாங்கி வளையும். ஃபோர்க்கை மட்டும் மாற்றினால் அதுவும் வளையும். டாக் பற்கள் கோக்கும் இரண்டு கியரையும் சேர்த்தே மாற்றுங்கள். அல்லது பற்களை உட்சாய்வாக வெட்டித் தரும் இடத்தில் கொடுங்கள். சர்க்ளிப்கள் எல்லாம் புதியவை. கூரான விளிம்பு, தள்ளும் பாரத்துக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும். இதற்குக் கிராங்க் கேஸைப் பிரிக்க வேண்டியிருக்கும். எஞ்சின் ஏற்கெனவே மேசைமேல் இருந்தால் இதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: கேஸ் ஒட்ட சிலிக்கான் பேஸ்ட் போதுமா?

பிதுங்கி வெளியே தெரியும் அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். அது காய்ந்து உதிர்ந்து ஆயில் சல்லடைக்குப் போகும். மோட்டார்சைக்கிள் கேஸுக்கென்று உள்ள அரைத்திரவ சீலன்ட்டை விரலால் மெல்லிய படலமாகத் தேய்த்தால் போதும். ஆயில் துளை ஓரத்தில் 2, 3 மி.மீ. விட்டுவிடுங்கள். மெயின் பேரிங் சுற்றியுள்ள முகத்தில் படவே கூடாது. கேஸின் இரண்டு பாதியும் சேர்த்து வைத்துக் கடைந்தவை, ஒரு பாதியை மட்டும் வேறு வண்டியிலிருந்து எடுத்துப் போட முடியாது. கேம்ஷாஃப்ட் கேப்புகளும் அப்படியே: எடுத்த இடத்திலேயே, எடுத்த திசையிலேயே.

கேள்வி: எல்லாம் பூட்டியாகிவிட்டது. முதல் ஸ்டார்ட்டும் ரன்னிங்-இன்னும் எப்படி? அரை மணி ஐட்லிங்கில் ஓட விடச் சொல்கிறார்கள்.

ஐட்லிங்கில் விடுவதுதான் மிக மோசமான வழி. ரிங்கைப் போர் மேல் அழுத்துவது அதன் சொந்த விறைப்பு மட்டுமல்ல; எரியும் வாயு ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளுவதுதான் பெரும்பங்கு. பாரம் இல்லாத எஞ்சினில் அந்த அழுத்தம் இல்லை. ஹோனிங் கோடுகள் ரிங்கைப் படிய வைக்காமலே வழவழப்பாகிவிடும். பிறகு அந்த எஞ்சின் நிரந்தரமாக ஆயில் குடிக்கும்.

ஸ்டார்ட்டுக்கு முன்: டைமிங் செயின் டென்ஷனரைப் பின்னுக்கு இழுத்து ரீசெட் செய்துதான் மாட்டினீர்களா? கையால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, குறிகள் மறுபடி நேராக வருகிறதா என்று பாருங்கள். நடுவில் எங்காவது முட்டினால் அங்கேயே நிறுத்துங்கள், அது வால்வு. பிறகு பிளக் இல்லாமல், ஆயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் கசிவு இருக்கிறதா என்று பார்க்கும் நேரம்தான் நின்றபடி ஓட வேண்டிய நேரம். சூடானதும் சாலைக்கு எடுங்கள். நடுத்தர ஆர்.பி.எம்.மில் நன்றாக இழுக்க விடுங்கள், ஆக்ஸிலரேட்டரை மூடி எஞ்சினே வேகத்தைக் குறைக்க விடுங்கள். இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் போவதும், உயர் கியரில் திணற விடுவதும் கூடாது. முதல் சில நூறு கி.மீ. ரெட்லைனின் பாதியைச் சற்றே தாண்டலாம், அதற்கு மேல் வேண்டாம். ஈரக் கிளட்சுக்கான ஜாசோ எம்.ஏ. குறியுள்ள மினரல் ஆயில் போடுங்கள். உராய்வைக் குறைக்கும் கார் ஆயில்களில் ஈரக் கிளட்ச் வழுக்கக்கூடும். 50 முதல் 100 கி.மீ.க்குள் ஆயிலும் ஃபில்டரும் மாற்றம். பழைய ஃபில்டரை வெட்டி மடிப்புகளைப் பாருங்கள். பொடி மினுமினுப்பு இயல்பு, செதில் இயல்பல்ல. 1,000 கி.மீ.யில் மறுபடி ஆயில், கூடவே டேப்பெட் இடைவெளி. புதிதாகத் தேய்த்துப் பொருத்திய வால்வுகள் இந்த இடைவேளையில் சீட்டில் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும்.

கேள்வி: ரீபில்ட் முடிந்தது, நன்றாக இழுக்கிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஆர்.பி.எம். 3,000-இல் தொங்கி, மெதுவாகத்தான் இறங்குகிறது.

எஞ்சினை மறுபடி திறக்காதீர்கள், இது பெரும்பாலும் மெலிந்த கலவை. கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயைக் கழற்றி மடித்துப் பாருங்கள். வெளியே நன்றாக இருந்தாலும் மடிப்பில் விரிசல் தெரியும். அதில் குறையில்லை என்றால் பைலட் ஜெட் (ஐட்லிங்கில் பெட்ரோல் தரும் சிறு துளை). பழைய பெட்ரோல் முதலில் அடைப்பது அதைத்தான். கம்பி விட்டுக் குத்தாமல் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான துளை தெரிய வேண்டும். இரண்டும் சரியான பின்தான் வேக்குவம் கேஜ் மாட்டி நாலு கார்புரேட்டரையும் சமன் செய்ய வேண்டும். ஒன்றுக்கொன்று வித்தியாசம் பாதரச அளவில் 2 செ.மீ.க்குள் இருக்கட்டும். காற்று கசியும் எஞ்சினில் சமன் செய்ய உட்கார்ந்தால் ஒரு ஸ்க்ரூவைத் திருப்ப இன்னொன்று விலகிக்கொண்டே போகும்.